சிவப்புப் புட்டி

2018 டிசம்பர் 11. தியெரா தெல் ஃபுவேகோ தீவில், ரியோ கிராந்தேக்கு மேற்கே ஒரு செம்மறிப் பண்ணை. காலை எட்டு மணி முதல் பிற்பகல் மூன்று மணிவரை இருநூறு கிடாக்குட்டிகளுக்கு வால் வெட்டி, விதை எடுத்து, காதில் அடையாளம் போட்டார்கள்.

கால்நடை மருத்துவர் நொயேமி நீலம், சிவப்பு என்று இரண்டு புட்டிகள் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் வலி மருந்து. இன்னொன்றில் வெறும் சர்க்கரைப் பாகு. எதில் எது என்று அவளுக்கே தெரியாது. ஊரில் மருந்துக்கடைக்காரர் ஊற்றி, எது எதில் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார். உறை பண்ணையார் லிசாந்த்ரோவின் சட்டைப்பையில் இருந்தது.

ஒரு குட்டிக்கு நீலப் புட்டி, அடுத்ததற்குச் சிவப்பு. நெற்றியில் அதே நிறத்தில் ஒரு பொட்டு.

வித்தியாசம் தெரிந்தால் மீதி ஆறாயிரம் குட்டிகளுக்கும் மருந்து வாங்குவதாகப் பண்ணையார் சொல்லியிருந்தார். தெரியாவிட்டால் கத்தி மட்டும்தான்.

குட்டிகளின் வாயில் மருந்து விடும் வேலை கார்காமோவுக்கு. சிலோயே தீவிலிருந்து பருவ வேலைக்கு வந்தவன்.

“எனக்கு மருந்தே இல்லாம கடவாப்பல்லக் குறட்டால புடுங்குனாங்க டாக்டரம்மா. அன்னைக்கு நீங்க எங்க போயிருந்தீங்க?”

கத்திக்காரர்கள் சிரித்தார்கள். நொயேமியும் சிரித்துக்கொண்டே அடுத்த பட்டிக்குப் போனாள். வெட்டி முடிந்த குட்டிகள் அங்கேதான் தாயைத் தேடி வரும். எது எழுந்து பால் குடிக்கிறது, எது கழுத்தை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்த சிவப்புப் பொட்டுகள் படுத்தே கிடந்தன. நீலம் எழுந்தது. அவள் பென்சில் வேகமாக ஓடியது.

பிறகு எல்லாமே எழுந்தன. நீலமும் பால் குடித்தது, சிவப்பும் பால் குடித்தது.

மூன்று மணிக்குப் பண்ணையார் உறையைக் கிழித்தார். நீலம்தான் மருந்து.

“சக்கரைப் பாகுக்கே இந்தத் துள்ளு துள்ளுதே டாக்டர்! அப்புறம் மருந்து எதுக்கு?” வீட்டைப் பார்த்து நடந்தார்.

நொயேமி புட்டிகளை எடுத்துவைக்க வந்தாள். சிந்தினாலும் போதட்டும் என்று இரண்டிலும் இருநூறு குட்டிக்கான அளவு இருந்தது. பாதியாவது மிஞ்சியிருக்க வேண்டிய நீலம் வற்றியிருந்தது.

சிவப்பு கழுத்துவரை நின்றது.

கார்காமோ தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். விரல்களில் சிவப்புச் சாயம் போகவில்லை.

“மொத இருபதைப் பாத்தேன். செவப்பெல்லாம் படுத்துக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் நீலத்தையே குடுத்தேன், பொட்டு மட்டுந்தான் செவப்புல வெச்சேன். பாகு குடுக்கக் கை வரல, டாக்டரம்மா.”

சொன்னால் இவன் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆறாயிரம் குட்டிகள். நொயேமி வாய் திறப்பதற்குள் கார்காமோவே அந்தப் புட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணையார் வீட்டுப் பக்கம் நடந்தான்.

வெள்ளிக்கிழமையிலிருந்து மீதிக் குட்டிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். கொடுத்தது வேறு ஆள்.