அடுத்த படகில் யார்?

"இன்னும் எத்தனை படிம்மா இருக்கு?" நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அறுபத்து மூணு, அண்ணி."

எண்ணிப் பார்க்காமலே அவள் சொன்னாள். கலங்கரை விளக்கத்துக்கு மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு படிகள். தீவுக்குக் குடிவந்த ஐந்து மாதத்தில் இது ஒன்பதாவது கூட்டம், ஒன்பதாவது ஏற்றம். இவர்களோடு போதும், இனி ஒருவரையும் வீட்டில் ஏற்றுவதில்லை என்று முழங்கால் மேல் சத்தியமே செய்திருந்தாள்.

மேலே போனதும் வாய் தானாகப் பேசியது. "அதோ, ஆமை மாதிரித் தெரியுது பாருங்க, அதான் ஆமைப் பாறை. இந்தப் பக்கம் சங்குக் கரை." மனசெல்லாம் வீட்டில் ஊறப்போட்டிருந்த துணியில் கிடந்தது.

"கொடுத்து வச்சவ நீ" என்றாள் நாத்தனார். "தீவுக்கு மாத்தல்னு எந்தம்பி சொன்னதும் எப்படித்தான் ஒத்துக்கிட்டியோ!"

"என்னை யாரு கேட்டா அண்ணி? சரின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்துதானே சொன்னாரு. ஏங்க, அப்படித்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். தீவுக்கே மின்சாரம் தரும் டீசல் இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவன். பகலில் ஒரு ஷிப்ட், இரவில் ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி வேலை. ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் எப்படியாவது லீவு கிடைத்துவிடும்!

வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்க மணல், கொடி முழுக்க ஈரத் துண்டு. தொட்டியில் இருந்த நல்ல தண்ணீரை நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் கால் கழுவியே காலி செய்திருந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உலை வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் புருஷனுக்கு மீன் பிடித்துப்போய்விட்டது. "தங்கச்சி, இன்னும் ரெண்டு துண்டு இருந்தா போடும்மா. கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு ரெண்டு துண்டு எண்ணிப் போடுறியே!"

"தாராளமாச் சாப்பிடுங்கண்ணா." தனக்கென்று எடுத்து வைத்திருந்ததைப் போட்டாள். "ஏங்க, உங்களுக்குக் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

"ஊத்து, ஊத்து" என்றான் அவன். வயிறு நிறைந்தவன் போல இல்லை, பல நாள் பட்டினி கிடந்தவன் போலத் தட்டை நீட்டினான்.

சமையலறைக் கதவில் மாட்டியிருந்த சிலேட்டை நாத்தனார் புருஷன் உரக்கப் படித்தார். "காஸ் தீரப் போகிறது. பாப்பாவின் செருப்பு அறுந்துவிட்டது. திங்கள் இரவு ஷிப்ட், சாப்பாடு வேண்டாம்... அடேயப்பா! ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கே!"

"வாரத்துக்கு ரெண்டு படகுதான் மாமா. எழுதி வைக்கலேன்னா சாமான் எதுவும் வந்து சேராது" என்று அவன் அவசரமாகச் சொன்னான்.

"குடித்தனம்னா இப்படி இருக்கணும். நம்ம வீட்டுலயும் ஒண்ணு வாங்கி மாட்டணும்டி."

"வேணாம் அண்ணா" என்றாள் அவள் சட்டென்று. பிறகு சிரித்துச் சமாளித்து, மோர் எடுத்து வர உள்ளே போனாள்.

மறுநாள் படகுத் துறையில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை ரொம்பப் படுத்திட்டோம்மா. நாங்க வர்றதாவே இல்ல. தம்பிதான் விடாம மூணு தடவை போன் பண்ணிட்டான். வந்தே ஆகணும்னு ஒரே பிடிவாதம்."

போன தடவை வந்தவர்களும் இப்படித்தான் ஏதோ சொன்னார்கள். இலவசமாகத் தீவு பார்க்க வருகிறார்கள் என்று இத்தனை நாள் சொந்தக்காரர்களையெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். பாவம் அவர்கள்!

"ஏங்க, பையை மறந்துடாம எடுத்துக் கொடுங்க" என்று மட்டும் சொன்னாள். படகு திரும்பிக் கண்ணுக்கு மறையும்வரை கையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் பாப்பா கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே முன்னால் ஓடினாள். அவன் படகில் வந்த காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாத்திரமெல்லாம் கழுவி, மணலைக் கூட்டித் தள்ளி முடித்தபோது இடுப்பு இற்றுவிட்டது. அழுகைதான் வந்தது. சிலேட்டைத் துடைத்துவிட்டுச் சாக்கட்டி ஒடியும்படி அழுத்தி எழுதினாள்.

'இந்த மனுஷர்களையெல்லாம் எதற்காகக் கூப்பிடுகிறீர்கள்? என் உடம்பில் தெம்பு இல்லை. அடுத்த படகில் யார்?'

எழுதிவிட்டுப் பாப்பாவைத் தூங்க வைக்கப் போனாள். அவன் சிலேட்டுக்கு முன்னால் நிற்பது உள்ளிருந்து தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றான். கொஞ்சம் எழுதினான், அழித்தான், திரும்ப எழுதினான். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

அவள் எழுந்து வந்து படித்தாள்.

'அடுத்த படகில் சித்தப்பா வருகிறார். தப்புதான், மன்னித்துவிடு. இந்த ஐந்து மாதமாக, வீட்டில் நாலு பேர் இருக்கும்போது மட்டும்தான் நீ என்னை வாய் திறந்து "ஏங்க" என்று கூப்பிடுகிறாய்.'