மேல்கோட்டைப் பையன்

“மேல்கோட்டைப் பையன் இன்னைக்கும் டாண்ணு வந்துட்டானுங்க சார்” என்று இன்னாசி சொன்ன பிறகுதான் ரங்கராஜ் வாயைத் திறந்தார். எங்கே மறுபடி மூடிக்கொள்வாரோ என்ற பயத்தில், காத்திருந்த நர்ஸ் ஒரு ஸ்பூன் கஞ்சியை உள்ளே தள்ளினாள்.

“பெருமாளுக்குத் தளிகை ஆச்சா?”

“ஆச்சுங்க. வெண்பொங்கல். மிளகு தூக்கலா.”

“ஹௌதா?” அப்படியா என்று கன்னடத்தில் வியந்தார். “நாளைக்கு என்ன?”

இன்னாசி மின்விசிறியைப் பார்த்து யோசித்தான். “புளியோதரைங்க.”

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த எழுபத்தாறு வயது ரங்கராஜின் கவலை இடுப்பைப் பற்றியதல்ல. சரஸ்வதிபுரம் வீட்டில் தனியாக இருக்கும் பெருமாளைப் பற்றியது. ஒரே மகன் ஸாரங்க் கனடாவில். இங்கே சோறு படைக்க ஆளில்லை. பெருமாள் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவதாவது என்று முதல் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்படியே போனால் ஆபரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு இன்னாசி, மேல்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர். “நம்ம பஸ்ஸுலயே ஒரு அய்யங்கார் பையனைக் கூட்டியாறேனுங்க” என்று வாக்குக் கொடுத்து, வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டான். மேல்கோட்டையில் அவன் கேட்காத ஆளில்லை. பெருமாள் கோயிலில் வைரமுடி உற்சவ நேரம்; அங்கே அவனவனுக்கு மூச்சுவிடவே நேரமில்லை.

ஆகவே இன்னாசி தானே ஒரு பையனைப் பெற்றெடுத்தான். பெயர் ஆழ்வார். வயது பத்தொன்பது. நல்ல குரல், கொஞ்சம் கூச்சம்.

தவக்காலம் தொடங்கிய அன்று பங்குச் சாமியார் பூசையில் சொல்லியிருந்தார்: “இந்த வருஷம் கறியை விட்டா மட்டும் பத்தாது. நம்ம கோயிலுக்கு வராத ஒருத்தருக்கு அன்பு காட்டுங்க. துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூடாது. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது.” பிரசுரத்துக்குப் பதிலாகப் பொய் கொடுத்தால் கணக்கில் சேருமா என்று கேட்க இன்னாசிக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஆணியில் ரங்கராஜின் சாவி தொங்கியது. அந்தப் பக்கம் பார்ப்பதையே அவன் விட்டிருந்தான். சாவியைப் பார்த்தால் ஆண்டவரையும் பார்க்க வேண்டியிருந்தது.

“நாளைக்கு என்னன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள் மனைவி புளோரா.

“புளியோதரை. வாயில வந்துச்சு, சொல்லிப்போட்டேன்.”

“வரும், வரும். உங்க வாயில எதுதான் வராது” என்றபடி தட்டை வைத்தாள். சாம்பாரில் வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை.

“கறியைத்தானே விட்டோம்? வெங்காயம் என்ன பாவம் பண்ணுச்சு?”

“தவக்காலம். கம்முனு தின்னுட்டுப் படுங்க. அஞ்சு மணிக்கு டூட்டிக்குப் போவோணுமில்ல?”

பொய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல், கதம்ப சாதம். கேட்கக் கேட்க ரங்கராஜின் கஞ்சி இட்லியானது. ஒரு இட்லி மூன்றானது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. “அந்த ஆழ்வாரை ஒருநாள் இங்க அழைச்சுண்டு வாயேன்” என்று அவர் கேட்ட அன்று, இன்னாசி ஆழ்வாருக்குச் சளி பிடிக்க வைத்தான்.

கடைசி நாள் மாலை ரங்கராஜ் சிரித்தபடி சொன்னார்: “நாளைக்கு ஆத்துக்கு வந்துடறேன். நேரே பெருமாளைச் சேவிச்சுட்டுத்தான் மறு காரியம். என்ன தளிகை?”

இன்னாசியின் நாக்கு அதன் பாட்டுக்கு ஓடியது. “அக்கார அடிசிலுங்க சார்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரை ஆட்டோவில் கூட்டி வந்தான். வாசலில் ஈரத்தலையோடு நின்ற புளோரா சாவியைக் கொடுத்தாள். ரங்கராஜ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு பூஜையறைக் கதவுக்கு நடந்தார். மூன்று வாரப் பட்டினிப் பெருமாளை நினைத்து இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான்.

கதவு திறந்தது. நெய் மணந்தது.

நிலைப்படியைத் தாண்டி ஒரு முழம், வெளியே நின்று கை நீட்டினால் எட்டும் தூரத்தில், உருளியில் அக்கார அடிசில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் தரையில் தூசி அப்படியே கிடந்தது.

ரங்கராஜ் கைகூப்பினார். இன்னாசி உருளியை எடுத்துத் தர, ஒரு கை எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கை. மூன்றாவது கைக்குப் பிறகு, “எங்க அந்த ஆழ்வார்? கூப்பிடு அவனை!” என்றார்.

இன்னாசி உடைந்துவிட்டான். “சார், ஆழ்வாரும் இல்லை, எவனும் இல்லை. அத்தனையும் பொய்யுங்க. அடிக்கறதுன்னா அந்த வாக்கர்லயே அடிச்சுப்போடுங்க.”

“அப்போ இதை யாரு வெச்சா?”

இன்னாசிக்கும் தெரியவில்லை. பெருமாளையே ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

ரங்கராஜ் தூசியைப் பார்த்தார். உருளி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்ற ஈரத்தலையைப் பார்த்தார்.

நான்காவது கை எடுத்தார். “நெய் கொஞ்சம் கம்மி. நாளைக்கு என்ன தளிகை?”

பழக்க தோஷத்தில் இன்னாசி வாயைத் திறந்தான்.

வாசலிலிருந்து குரல் சீறியது: “தயிர்சாதம்னு சொல்லித் தொலைங்க! தினமும் விடியால அடுப்பு மூட்டறது நானு!”