வேஷம் மாற்றிய இணைப்பு

காதுக் கருவிகளைப் பற்றிய ஒரு வலைப்பக்கத்தில் ஓர் இணைப்பு இருந்தது. அதைச் சொடுக்கிக் கடைக்குப் போய் யாராவது கருவி வாங்கினால், பக்கத்தை எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும்.

காது மந்தமான அப்பாவுக்காக வேதநாயகி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவள் கணினியில் காவலிருந்த விளம்பரத் தடுப்பான் இணைப்பை மறித்தது.

"நில்லு. நீ கடைக்காரன் ஆளு."

இணைப்பு திரும்பிப் போய் முகவரியை மாற்றிக்கொண்டது. இப்போது பார்க்க அதே தளத்தின் உட்பக்கம் போலிருந்தது. உள்ளே போனதும் கடைக்குத் திருப்பிவிடும்.

மறுநாள் வேதநாயகி அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தபோது தடுப்பான் அதை அன்பாக வரவேற்றது. "இந்த வீட்டு ஆளா? வாங்க. நேத்து ஒருத்தன் வந்தான், விரட்டிட்டேன். அக்கா பாவம், ஏமாந்துடக் கூடாது."

இணைப்பால் தலைநிமிர முடியவில்லை. இருந்தும் உள்ளே போனது.

மேலும் படிக்கலாம் என்று சொடுக்கிய வேதநாயகி கடையில் போய் நின்றாள். "சே, இதுவும் வியாபாரந்தானா!" என்று எல்லாவற்றையும் மூடினாள். முதலில் மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள் என்று முதலில் திறந்த வலைப்பக்கத்தின் அடியில் எழுதியிருந்ததை அவள் படிக்கவேயில்லை.

"என் தப்புதான். என்னை நம்பித்தானே அக்கா சொடுக்கினாங்க" என்று தடுப்பான் புலம்பியது.

இணைப்புக்குக் கூசிப்போனது. "நேத்து வந்ததும் நான்தான்" என்றது.

தடுப்பான் கோபப்படவில்லை. "கமிஷனுக்குத்தான் வந்தேன்னு சொல்லியிருந்தா, விடலாமான்னு அக்காகிட்டயே கேட்டிருப்பேனே" என்றது.