யார் போட்ட ஆயிரத்து ஒன்று?

"ரெண்டாவது தடவை, அக்கா! காலையில நோயாளர் பதிவேட்டு மென்பொருளோட நாலாம் பதிப்பைப் போட்டேன். டீ குடிச்சிட்டு வந்தா மூணாம் பதிப்பு. திரும்பப் போட்டேன், திரும்ப மூணு! யாரு இதுல கை வைக்கிறது?"

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கணினி வேலையாக வந்திருந்த எர்லான் மேசையைத் தட்டிய வேகத்தில் தட்டிலிருந்த உலர்ந்த ஆப்ரிகாட்டுகள் குதித்தன.

டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் புர்மகான் பதறவில்லை. கிர்கிஸ்தானில், பாத்கென் மாவட்டத்தின் அந்த எல்லையோர ஆஸ்பத்திரியில் கணினியும் அவள் பொறுப்புதான். "யாரும் தொடல, தம்பி. டீ ஊத்தட்டுமா?"

"டீ கெடக்கட்டும். பன்னெண்டு மணிக்கு அடுத்த மாச நோயாளிப் பட்டியல் தானா பிஷ்கெக்குக்குப் போயிரும். அப்போ இந்த மெஷின்ல நாலாம் பதிப்பு இல்லேன்னா, வேலையைக் கெடுத்தது நீங்கதான்னு எழுதிக் குடுத்துட்டுப் போவேன். சாயங்காலம் உங்களுக்கு வேலை இருக்காது."

புர்மகான் அவனுடைய கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி நகர்த்தினாள். அந்தப் பக்கத்தில் பாதிக் கிண்ணம் ஊற்றினால் மரியாதை. நிரப்பி வைத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

எர்லானுக்குச் சுருக்கென்றது. "நாப்பத்தோரு ஆஸ்பத்திரியில போட்டாச்சு. ஒருத்தரும் முணுமுணுக்கல. உங்களுக்கு மட்டும் என்ன?"

பென்டிரைவைச் செருகி நாலாம் பதிப்பை மறுபடி நிறுவினான். இந்த முறை நாற்காலியை விட்டு நகரவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. மணிக்கொரு முறை தானாக ஓடும் புதுப்பிப்பு ஓடி முடிந்தது. அவன் கண் முன்னாலேயே, யாரும் தொடாமல், திரையில் மூன்று வந்து நின்றது.

அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை, கணினியை இயக்கும் லினக்ஸிடம் கேட்டான்: எந்தப் பதிப்புக்கு என்ன முன்னுரிமை? இரண்டு வரி வந்தது. பதிப்பு நான்கு, ஐநூறு. பதிப்பு மூன்று, ஆயிரத்து ஒன்று.

"அடப்பாவி!" என்றான். "இங்க பாருங்கக்கா. விருந்துக்கு ரெண்டு பேர் வர்றாங்கன்னு வைங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்புன்னா, புதுசா இருக்கிறவனை லினக்ஸ் உள்ள விடும். சாதாரணமா எல்லாருக்கும் ஐநூறுதான். ஆனா வீட்டுக்காரர் ஒருத்தருக்கு மட்டும் எண்ணை ஏத்திட்டாருன்னா, புதுசு பழசுன்னே பார்க்காது. எண் பெருசா இருக்கிறவருக்குத்தான் எடம்."

"ஓஹோ."

"ஆயிரத்தைத் தாண்டினா இன்னும் வேடிக்கை. புது ஆளு ஏற்கெனவே உக்காந்திருந்தாலும் அவனை எழுப்பி விட்டுட்டு, பழைய ஆளைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கும்." விளக்க ஆரம்பித்துவிட்டால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம். ஆனால் கோபம் உடனே திரும்பி வந்தது. "எந்த மடையன் இந்த எண்ணைப் போட்டது?"

"மடையன் இல்ல, மடச்சி. நான்தான்."

எர்லான் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"எண்ணை மட்டும் பார்த்தீங்களே, அந்தப் பழைய ஆளை எதுக்கு முதல் எடத்துல உக்கார வச்சேன்னு கேட்டீங்களா?" புர்மகானின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. இரண்டு தாள்களை அவன் முன் வீசினாள். "இது மூணாம் பதிப்பு தந்த டயாலிசிஸ் பட்டியல். இது நாலாவது தந்தது. எண்ணுங்க."

எண்ணினான். பன்னிரண்டு. ஒன்பது.

"மூணு பேர் எங்கே போனாங்க? பதினாலு இலக்க அடையாள எண் இல்லாதவங்களை உங்க நாலு சத்தமில்லாம தூக்கிப் போடுது. தோக்தோசுன் தாத்தா கையில இன்னும் அந்தப் பழைய சோவியத் சிவப்புப் பாஸ்போர்ட்தான். அந்த நாடு இப்ப இல்ல. ஆளு இருக்காருல்ல? வாரத்துல மூணு நாள் என் மெஷின்ல ரத்தம் சுத்தி வருதுல்ல? பட்டியல்ல பேரில்லேன்னா அடுத்த மாசம் அவருக்கு மருந்தும் வராது, குழாயும் வராது. பத்து நாள் தாங்குவாரா?"

"எங்களுக்கு எழுதியிருக்கலாமே..."

"நாலு கடிதம் எழுதினேன். 'உடனே புதுப்பிக்கவும்'னு பதில் வந்துது. அப்புறம்தான் இந்த எண்ணைப் போட்டேன். நாப்பத்தோரு ஆஸ்பத்திரியில ஒருத்தரும் முணுமுணுக்கலயாமே? பட்டியல்லயே இல்லாதவங்க எப்படி முணுமுணுப்பாங்க? ஆளை எண்ணு இருக்கான்னு பார்த்துத் தள்ளுற அந்த வரியை எழுதினவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

எர்லான் இரண்டு தாள்களையும் இன்னொரு முறை பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே கால். கைபேசியில் பிஷ்கெக் அலுவலகத்தை அழைத்து ஒலிபெருக்கியில் வைத்தான்.

"பக்தியார், எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே ஒரு கோப்பு போகணும். எழுதிக்கோ. தொகுப்பு: நோயாளர் பதிவேடு. பதிப்பு: மூணு. முன்னுரிமை: ஆயிரத்து ஒண்ணு. தொள்ளாயிரத்துல நிறுத்திராத, ஏறி உக்காந்த நாலு எறங்காது. கோப்பு போனதும் எல்லா எடத்துலயும் புதுப்பிப்பை உடனே ஓட்டிவிடு."

பிஷ்கெக்கிலிருந்த குரல் தயங்கியது. "அண்ணே, நாலாம் பதிப்பு... ஒவ்வொரு வரியும் நீங்களே எழுதினதாச்சே?"

"அதனாலதான் நான் சொல்றேன்," என்றான் எர்லான், புர்மகானை நிமிர்ந்து பார்க்காமல். "மூணாம் பதிப்பு, ஆயிரத்து ஒண்ணு. பன்னெண்டு மணிக்குள்ள."