பிரேக் பிடிக்குதா?

அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் பிக்கப்பை நிறுத்தியபோது விமலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேடி வந்தது கண்ணெதிரே நின்றது. ஒரு கேரவன். மெத்தை, ஏசி, அடுப்பு எல்லாம் அடங்கிய குட்டி வீடு. பக்கத்தில் அதை இழுக்கும் கார் இல்லை. வாங்கிக்கொள்ள ஷார்ஜாவில் ஆள் தயார்.

கேரவன் நிழலில் நாற்காலி போட்டு ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

விமல் பளபளக்கும் சேஃப்டி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மிடுக்காக இறங்கினான். “சேஃப்டி செக்கிங், சார்” என்றான் ஆங்கிலத்தில்.

“தம்பி தமிழா?” என்றார் பெரியவர். “நான் வெங்கட்ராமன். இவ உமாராணி. உட்காருங்க, பழம் சாப்பிடுங்க.”

தமிழ்க்காரர்களா! பாதி வேலை முடிந்தது.

“கேரவனோட எமர்ஜென்சி பிரேக்கை டெஸ்ட் பண்ணணும் சார்.”

“அப்படின்னா?” என்றார் உமாராணி.

“இந்தக் கம்பியைப் பாருங்கம்மா. ஒரு முனையை இழுக்கிற வண்டியில மாட்டணும். இன்னொரு முனை கேரவன்ல இருக்கிற இந்தப் பின்ல இருக்கு. ஓடுறப்ப கேரவன் கழண்டுக்கிச்சுன்னா கம்பி பின்னைப் பிடுங்கிடும். உடனே கேரவன் தானா பிரேக் போட்டு நின்னுடும். இல்லாட்டி பின்னால வர்றவன் கதி என்ன ஆகும்?”

எல்லாம் முந்தின நாள் யூடியூபில் கற்றது.

“ஐயோ, அப்ப கட்டாயம் பார்த்துடணுமே!” என்று எழுந்தேவிட்டார் வெங்கட்ராமன்.

“உங்க கார் எங்க சார்?”

“எங்ககிட்ட ஏது தம்பி? இழுத்துட்டுப் போக ஒரு வண்டி வரும்னுதான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கோம்.”

“கவலையை விடுங்க. என் பிக்கப்புலயே மாட்டிக்கலாம்.”

அவனுடைய பிக்கப் இல்லை. அறைத்தோழன் சாதிக் பாட்ஷாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. திட்டம் இதுதான்: முதலில் நிஜமாகவே ஒரு டெஸ்ட் செய்து காட்டி நம்பவைப்பது. பிறகு, ‘ஓடுறப்ப எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்கணும்’ என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டம்.

கிழவர் ‘வா... வா... போதும்’ என்று கைகாட்டி பிக்கப்பைப் பின்னால் வரச்செய்து, கொக்கியை மாட்டவும் கைகொடுத்தார். உமாராணி நிழல் துணியைச் சுருட்டிக் கட்டினார். நாற்காலிகளைக்கூட மடித்து பிக்கப்பில் ஏற்றிவிட்டார்.

“டெஸ்ட் பண்றப்ப இடிச்சுடக் கூடாதுல்ல?”

இவ்வளவு நல்லவர்களையா ஏமாற்றுகிறோம் என்று விமலுக்கு மனசு உறுத்தியது. ஒரு கணம்தான்.

“தம்பி, சக்கரம் நிக்குதான்னு வெளிய நின்னு ஒருத்தர் பார்க்கணுமே” என்றார் வெங்கட்ராமன். “அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நீங்க பாருங்க, நான் வண்டியை எடுக்கிறேன்.”

மறுத்தால் சந்தேகம் வரும். விமல் சாவியைக் கொடுத்தான்.

“இவர் தனியா ஓட்டினா எனக்குப் பதறும்” என்று உமாராணியும் ஏறிக்கொண்டார்.

விமல் பின்னைப் பிடுங்கினான். “யல்லா, கிளம்புங்க சார்!”

பிக்கப் உறுமியது. கேரவன் சக்கரங்கள் உருளவே இல்லை. மணலில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் கழுதைபோல நின்றுவிட்டது. விமல் தன்னை மறந்து கைதட்டினான். அசல் இன்ஸ்பெக்டருக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

“பிடிக்குதா தம்பி?”

“சூப்பரா பிடிக்குது சார்!”

“அப்ப பின்னை மாட்டுங்க. விடுதான்னும் பார்த்துடுவோம்.”

விமல் தன் கையாலேயே பின்னை அழுத்தி மாட்டினான். பிக்கப் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. மணல் பாதையின் முடிவுவரை போனது. திரும்பும் என்று பார்த்தால், ரோட்டில் ஏறியது. ஜன்னல் வழியே உமாராணி கையசைத்தார். விமலும் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தான்.

புழுதி அடங்கியது. பிக்கப் வரவில்லை.

விமலுக்கு லேசாக வியர்த்தது. போன்கூட பிக்கப்பில்தான் இருந்தது. நம்மை மோப்பம் பிடித்துவிட்டார்களோ? போலீசுக்குப் போயிருப்பார்களோ? சாதிக் பாட்ஷாவின் முகம் கண்முன் வந்தது.

சேச்சே! போலீசுக்குப் போவதானால் கேரவனைக் கழற்றிவிட்டுப் போயிருக்க மாட்டார்களா? பெரியவருக்கு ஓட்டுகிற குஷி, ஒரு சுற்றுப் போயிருப்பார். எதற்குப் பயம்? தன் சொந்தக் கேரவனையே திருடிக்கொண்டு ஓடுகிறவன் உலகத்தில் உண்டா? விமலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரட்டும். அடுத்த டெஸ்ட் நம்முடையது.

அப்போது ஒரு பெரிய கார் வந்து நின்றது. நனைந்த உடைகளோடு மூன்று குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். காரை ஓட்டி வந்தவர் மணலில் கிடந்த சக்கரத் தடத்தையே திகைத்துப் பார்த்தார். சுற்றுமுற்றும் தேடினார். சேஃப்டி ஜாக்கெட் கண்ணில் பட்டதும் விமலை நோக்கி ஓடிவந்தார்.

“நல்லவேளை, நீங்களாவது இருக்கீங்களே சார்” என்றார் இந்தியில், மூச்சு வாங்க. “இங்க நிறுத்திட்டுப் போன எங்க கேரவனைக் காணோம்!”