மிளகாய்ப் புட்டி

ஷென்ஜெனில் மின்சிகரெட் பட்டறை. மதியச் சோற்றுக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஜன்னலோரம் யுன்ஷ்யா மட்டும் ஒரு கம்பிச்சுருளைச் சூடேற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் துளிர்க்கும் சிவப்பு ஓரம்வரை சீராகப் பரவ வேண்டும். இதில் ஓரம் முந்துகிறது. இடுக்கியால் மெல்ல நெருக்கிவிடுகிறாள். சூடு கோணினால் உள்ளே வைக்கும் பஞ்சு கருகும். அந்தப் புகை முதலில் இறங்குவது, மின்சிகரெட்டை இழுத்துச் சுவைபார்ப்பதே வேலையான அவள் கணவன் ஹோங்தாவின் தொண்டையில். காரம் தின்ற நாக்குக்குக் கருகல் பிடிபடாது என்பதால், மிளகாயில்லாமல் சோறிறங்காத ஹுனான்காரன் இப்போது மிளகாயையே தொடுவதில்லை. அவளும் விட்டுவிட்டாள். ஹோங்தா இருமிக்கொண்டே வந்து எதிரில் உட்காருகிறான். பாத்திரத்தைத் திறக்கிறாள், வெளுத்த சோறு, வெளுத்த தோஃபு. “ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான், முழுங்குய்யா.” அவன் சட்டைப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்துத் திருகுகிறான். ஊறிய மிளகாயின் புளித்த வாசனை. “யோவ், கிறுக்கா? சாயங்காலம்வரை சுவை பாக்கணும்ல?” அவள் சோற்றில் ஒரு கரண்டி வைக்கிறான், தன் சோற்றில் இரண்டு. “இனிமே எனக்குப் பெட்டி ஒட்டுற வேலை. காலைல சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். சாப்பிடு.” இடுக்கியைக் கீழே வைக்க மறந்தபடி ஒரு வாய் எடுக்கிறாள். கண் நிறைகிறது. “ரொம்பக் காரமா?” “காரமே இல்ல,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிண்ணத்தை நீட்டுகிறாள், “இன்னும் போடு.”