ஆமையார் வரைந்த வட்டம்

ஏரிக்குச் சாரைப்பாம்பு வந்தால் ஆள்காட்டிக் குருவி கத்தும். தவளைகள் வளைக்குள் ஒளிந்துகொள்ளும். அந்தக் கத்தல் எத்தனை பேரை எட்டுகிறது என்று கணக்குப் பார்ப்பது ஆமையாரின் பொறுப்பு.

அவர் சேற்றில் ஏரியின் படமாக அழகாக ஒரு வட்டம் போட்டு, நடுவில் குருவிக்கு ஒரு புள்ளி வைத்தார். வட்டத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் குரல் கேட்கும் என்று முடிவு கட்டினார். பாம்பு வந்துபோன ஒவ்வொரு முறையும் கரையில் கூட்டம் போட்டு, "குரல் கேட்காதவர்கள் யாராவது உண்டா?" என்று விசாரிப்பார். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் கோரைப்புல் பக்கமிருந்து ஒரு தவளை வந்தாள்.

"ஐயா, குறுக்கே பாறை நிற்கிறது. எங்கள் பக்கம் சத்தமே வருவதில்லை. பதினோரு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்."

ஆமையார் வட்டத்தைப் பார்த்தார். எவ்வளவு பாடுபட்டு வரைந்தது.

"பாறையைச் சேர்த்தால் வட்டம் கோணிப்போகும், அம்மா. அதுவும் போக, மற்ற பத்துப் பேரில் ஒருவராவது வந்து குறை சொன்னார்களா?"

"அவர்கள் எப்படி ஐயா வருவார்கள்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நீ ஒருத்தி சொல்வதை வைத்து என்ன செய்வது? அடுத்த கூட்டத்தில் வந்து சொல், எழுதிக்கொள்கிறேன்."

மறுநாள் பாம்பு வந்தது, குருவி கத்தியது, கூட்டமும் கூடியது. ஆமையார் நியாயஸ்தர். கோரைப்புல் பக்கம் திரும்பி மூன்று முறை கேட்டார். பதில் இல்லை.

பாவம், நேற்று ஏதோ மனக்கஷ்டத்தில் பேசியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நூற்றுக்கு நூறு என்று எழுதினார்.